தலைவர் இயற்றாத இசைத்தட்டு

1965 ஆம் ஆண்டு ஏப்பிரல் 3 ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜாஸ் கலைஞர் அறுவர் கூடினர். தலைமை வகித்த பொபி ஹச்சர்சனுக்கு அப்போது வயது 24. 'உரையாடல்' எனப் பொருள்படும் 'டயலொக்' என்னும் பெயரோடு புளூ நோட் நிறுவனத்தார் வெளியிட்ட அவ்விசைத்தட்டே, தலைவர் என்ற முறையில் அவர் பெயர் தாங்கி வெளிவந்த முதலாவது. 1963 இன் இறுதியில் அவர் தலைமையிற் பதிவான வேறொன்று, 1999 வரை உறங்கிக் கிடந்தது.

அவர்தம் கருவி வைபிரபோன். வரிசையாக அமைந்த உலோகக் கட்டைகளைக் கோல்கொண்டு தட்ட, அவற்றின் கீழுள்ள குழாய்கள் நாதத்தைப் பெருக்கும். குழாய்களின் வாயில் மின்விசையாற் சுழலும் சிறு வட்டங்கள் அந்நாதத்தை அலையலையாக நடுங்கச் செய்யும். லயனல் ஹம்டன் 1930 இல் லூயி ஆம்ஸ்ட்றோங்கோடு வாசித்து இதற்கு ஜாஸில் இடந்தேடித் தந்தார். பின்வந்த மில்ற் ஜாக்சனின் இசைத்தட்டைக் கேட்டே ஹச்சர்சன் இக்கருவியை நாடினார்.

'டயலொக்' தட்டில் அன்று வெளிவந்த ஐந்து உருப்படிகளுள் ஒன்றேனும் தலைவர் இயற்றியதன்று. மூன்று, பியானோ வாசித்த அன்ட்ரூ ஹில்லுடையவை. இரண்டு, தாளவாத்தியம் இசைத்த ஜோ சேம்பர்ஸுடையவை. இதனைக் குறையெனக் கொள்ளல் தகாது. முந்திய ஆண்டு எரிக் டொல்பியின் 'அவுட் டு லஞ்ச்' பதிவிலே, பியானோ இல்லாத குழுவில், பிறர் வாசிப்பைச் செவிமடுத்து இடையிடையே சுரங்களைத் தூவி நிற்கும் கலையை ஹச்சர்சன் காட்டியிருந்தார். டொல்பியோ அவ்வாண்டு ஜூன் மாதமே, 36 ஆம் வயதில், பேர்லினிற் காலமானார். அந்தச் செவிமடுக்கும் பண்பே இங்குத் தலைமையாயிற்று.

ஹில் இயற்றிய உருப்படியொன்றின் பிரெஞ்சுப் பெயர் 'நடந்து செல்லும் கறுப்பர்' எனப் பொருள்படும். அவ்வாண்டு மார்ச் 7 ஆம் நாள், வாக்குரிமை வேண்டி அலபாமாவின் செல்மா நகரிலிருந்து புறப்பட்ட மக்களைப் பாலத்தருகே காவலர் தாக்கினர். மீண்டும் புறப்பட்டோர் மார்ச் 25 இல் மொன்ட்கோமரியை அடைந்தனர். ஒன்பது நாள் கழித்தே இப்பதிவு நிகழ்ந்தது. உருப்படியில் முரசு படைநடைபோல் ஒலிக்க, ஏனைய கருவிகள் அணி குலைந்து விலகித் தத்தம் போக்கிற் பேசுகின்றன. முரசு மட்டும் நடையை விடுவதாயில்லை.