பயணிகள் ஜெட் விமானங்களில் பாதுகாப்பு நிகழ்வுகள்

பயணிகள் ஜெட் விமானப் போக்குவரத்தில் உயிரிழப்போ, படுகாயமோ, விமானத்துக்குப் பெருஞ்சேதமோ நேர்ந்தால் அது விபத்து எனப்படும். அந்த அளவுக்குப் போகாமல், பாதுகாப்பைக் குலைத்த அல்லது குலைத்திருக்கக்கூடிய எதுவும் நிகழ்வு எனப் பதிவாகும். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951-இல் ஏற்றுக்கொண்ட 13-ஆம் இணைப்பே இவற்றை விசாரிப்பதற்கான அடிப்படை விதி. விசாரணை, அத்தகையவை மறுபடி நடக்காமல் தடுப்பதற்குத்தான், பழி சுமத்துவதற்கல்ல என்று அது சொல்கிறது. இத்துறையின் வரலாற்றைப் பெருவிபத்துகளின் பட்டியலாக எழுதுவதே வழக்கம். விசாரணை அறிக்கைகளைப் புரட்டினால் வேறொரு வரிசை தென்படும். பெருவிபத்துகள் பலவற்றுக்கு முன்னால் அதே கோளாறு வேறோர் ஊரில், பெரும்பாலும் உயிர்ச்சேதமின்றி, ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போயிருக்கிறது.

உலகின் முதல் ஜெட் பயணச் சேவை 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிளம்பிய பிரிட்டனின் காமெட் விமானம். அதே ஆண்டு அக்டோபரில் ரோம் நகரில் ஒரு காமெட் மேலெழ முடியாமல் ஓடுபாதையைத் தாண்டி ஓடி நொறுங்கியது. ஒருவரும் சாகவில்லை. மூக்கை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டார் என்று பழி விமானியின் தலையில் விழுந்தது. 1953 மார்ச்சில் கராச்சியில் இன்னொரு காமெட் அதே மாதிரி மேலெழத் தவறி 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகே இறக்கையின் முன்விளிம்பு வடிவத்தை மாற்றினார்கள். ரோமில் பழி சுமந்த விமானியின் பக்கம் நியாயம் இருந்தது என்பதை அந்த மாற்றமே காட்டிக்கொடுத்தது.

சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டில், 1953 மே 2 அன்று, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட காமெட் வானிலேயே உடைந்து 43 பேர் மாண்டார்கள். புயல்மழைதான் காரணம் என்று கோப்பு மூடப்பட்டது. 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே ஒரு காமெட் சிதறி 35 பேர் இறந்தபோது அந்த விளக்கம் எடுபடவில்லை. விமானங்களை நிறுத்திவைத்துச் சில மாற்றங்கள் செய்துவிட்டு, மார்ச் இறுதியில் மீண்டும் பறக்கவிட்டார்கள். மூன்று வாரங்கூட ஓடவில்லை. ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே மூன்றாவது விமானம் கடலில் விழுந்து 21 பேர் போனார்கள். காரணம் தெரியாமலே மறுபடி பறக்க அனுமதித்த அந்த முடிவை இன்று படித்தாலும் மன்னிக்கத் தோன்றவில்லை.

பிறகு நடந்த ஆய்வு விபத்து விசாரணைக்கே இலக்கணம் வகுத்தது. பார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஆர்னால்ட் ஹால் தலைமையில் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். ஏற்கெனவே பறந்திருந்த 1,221 தடவைகளையும் சேர்த்து 3,057-ஆவது சுற்றில் உடற்கூடு பிளந்தது. எல்பாவில் விழுந்த விமானம் கண்டது 1,290 பறப்புகள்தான். உலோகச் சோர்வு தீர்ப்பாயிற்று. பயணிகளின் சதுர ஜன்னல்களே வினை என்று இன்றும் சொல்கிறார்கள். எல்பா சிதைவுகளில் விரிசலின் தொடக்கமாகக் காணப்பட்டது கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரம். காமெட் விசாரணையில் ஈடுபட்டிருந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன், விமானிகளின் பேச்சைப் பதிந்துவைக்கும் கருவி இருந்தால் என்ன என்று யோசித்ததன் விளைவே கறுப்புப் பெட்டி.

1972 ஜூன் 12 அன்று கனடாவின் வின்ட்சர் நகருக்கு மேலே ஓர் அமெரிக்க டி.சி.-10 விமானத்தின் பின்புறச் சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. பயணிகள் தளம் சரிந்து, அதனடியே ஓடும் கட்டுப்பாட்டு வடங்கள் சிக்கிக்கொண்டன. எஞ்சிய கட்டுப்பாட்டைக் கொண்டு விமானிகள் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். கதவுப் பூட்டைத் திருத்த வேண்டும் என விசாரணைக் குழு சொல்லியும், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கட்டாய உத்தரவு போடாமல் தயாரிப்பாளரின் வாக்குறுதியோடு நின்றுகொண்டது. 1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே துருக்கிய விமானம் ஒன்றில் அதே கதவு திறந்து, அதே தளம் சரிந்தது. 346 பேர் இறந்தார்கள். கட்டாய உத்தரவு அதன் பிறகு வந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று வாஷிங்டனின் டல்லஸ் நிலையத்தை நெருங்கிய போயிங் 727 வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். தரையிறங்க அணுகலாம் என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை, உடனே தாழ இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். ஆறு வாரம் முன்பு யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று அதே இடத்தில் அதே பிசகைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களின் விமானிகளுக்குச் சேதி போகவில்லை. 1976-இல் நாசா நடத்தத் தொடங்கிய ரகசிய அறிக்கைத் திட்டம் இதிலிருந்து பிறந்தது. பெயர் வெளிவராது என்ற உறுதியில் விமானிகள் தம் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பலாம்.

வர்ஜீனியா விபத்துக்கு மூன்று நாள் கழித்து இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா அருகே ஏழு கன்னியர் மலையில் டி.சி.-8 விமானம் ஒன்று மோதியது. சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு எரிபொருளுக்காகக் கொழும்பில் இறங்க வந்த விமானம் அது. இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்துத் தாழ்ந்ததில் 191 பேரும் மாண்டார்கள். நல்ல நிலையில் உள்ள விமானம் விமானிகளுக்குத் தெரியாமலே தரையில் மோதும் இவ்வகை விபத்துகளைக் குறைத்தது டான் பேட்மன் உருவாக்கிய தரை நெருக்க எச்சரிக்கைக் கருவி. அதுவரை நேர்ந்த விபத்துகளில் உயிர்ப்பலி மிகுந்த வகைகளுள் இத்தகைய மோதலும் ஒன்று என்பதால், ஜெட் யுகத்தில் அதிக உயிர்களைக் காத்த கருவி எது என்று கேட்டால் இதைச் சொல்வதில் தவறில்லை.

1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் இதுவே மிகப் பெரியது. எதிர் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கே.எல்.எம். விமானத்தின் பொறியாளர் கேட்டார். மூத்த கேப்டன் விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னதும் அவர் அடங்கிவிட்டார். கேப்டனின் அதிகாரமே ஓர் ஆபத்து என்பதை அதன் பின்னரே துறை ஒப்புக்கொண்டது. 1979-இல் நாசா இதற்கெனக் கருத்தரங்கு கூட்டியது. 1981-இல் யுனைடெட் தன் விமானிகளுக்குக் குழுப் பயிற்சி தொடங்கியது. ஆனாலும் 2010 மே 22 அன்று மங்களூரின் மேட்டு ஓடுபாதையை நோக்கி மிக உயரத்திலிருந்து இறங்கிய விமானத்தில், மறுபடி மேலே போகலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னது பதிவில் இருக்கிறது. வழியில் நெடுநேரம் தூங்கியிருந்த கேப்டன் இறக்கத்தைக் கைவிடவில்லை. 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள்.

வானில் மோதலைத் தவிர்க்கும் டிகாஸ் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது, 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகு. கருவி ஏறு என்கிறது, கட்டுப்பாட்டாளர் இறங்கு என்கிறார். யார் சொல் கேட்பது? 2001 ஜனவரி 31 அன்று ஜப்பான் வானில் 677 பேரைச் சுமந்த இரு விமானங்கள் இந்தக் குழப்பத்தில் உரசாத குறையாக விலகின. பலர் காயமடைந்தார்கள். விதியைத் தெளிவாக்குமாறு ஜப்பான் கேட்டும் காரியம் நகரவில்லை. 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் உபர்லிங்கன் மேலே, கட்டுப்பாட்டாளர் சொல்லைக் கேட்டு இறங்கிய ரஷ்ய விமானமும் கருவி சொன்னபடி இறங்கிய சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். கருவியின் சொல்லே முடிவானது என்ற திட்டவட்டமான விதி அடுத்த ஆண்டு வந்தது.

மென்பொருள் யுகத்திலும் கதை மாறவில்லை. 2018 அக்டோபர் 28 இரவு பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்கு வந்த லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் தானாக மூக்கைத் தாழ்த்திக்கொண்டே இருந்தது. உதிரி இருக்கையில் பயணித்த மூன்றாவது விமானி உதவ, மின்விசையை அணைத்துச் சமாளித்தார்கள். பராமரிப்புக் குறிப்பில் நடந்தது முழுதாக ஏறவில்லை. மறுநாள் காலை அதே விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். ஒரேயொரு சென்சாரை நம்பி இயங்கிய எம்காஸ் என்ற மென்பொருளே மூக்கைத் தாழ்த்தியது. அப்படி ஒன்று இருப்பதே விமானிகளின் கையேட்டில் இல்லை. 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் மேலும் 157 பேர் இறந்த பிறகே உலகெங்கும் மேக்ஸ் விமானங்கள் நிறுத்தப்பட்டன.

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ்-9 விமானத்தில், கதவுக்குப் பதிலாகப் பொருத்தியிருந்த அடைப்பு நடுவானில் பெயர்ந்து விழுந்தது. தொழிற்சாலையில் நான்கு போல்ட்டுகளைத் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தார்கள். யாரும் சாகவில்லை. உயிரோடிருந்தவர்களிடம் கேட்டறிய முடிந்தது. ஆனால் விமானிகள் அறையின் குரல்பதிவு கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்டதைத் தானே அழித்துப் புதிதாகப் பதியும் பெட்டி அது. தரையிறங்கிய பின் அதை யாரும் நிறுத்தவில்லை. அந்த ஆண்டு மே மாதம் இயற்றிய சட்டத்தில் அமெரிக்கா 25 மணி நேரப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் புதிய பெரிய விமானங்களுக்கு அந்த விதி முன்பே இருந்தது.