நம் ஊரைத் தண்ணீர் வழியே பார்ப்போம்



மலர்க் குழுவிலிருந்து போன மாதம் கூப்பிட்டார்கள். "அண்ணாச்சி, விழாவுக்கு வெளியூர்க்காரங்க குடும்பத்தோட வாறாங்க. மறுநாள் ஒரு நாள் முழுசா கையில இருக்கு, ஊர்ல என்ன பாக்கலாம்னு கேக்காங்க. நீங்க சரித்திரம் படிச்ச ஆளுதானே, நாலு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால், நெல்லையப்பர் கோவிலையும் அல்வாக் கடையையும் காட்டுவதற்கு நான் எதற்கு? ஜங்ஷனில் இறங்கியதும் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

அப்போதுதான் எங்கள் சரித்திரப் பேராசிரியர் ஞாபகத்துக்கு வந்தார். 1979-ல் ஒரு சனிக்கிழமை, வகுப்பு இல்லாத நாளில், எங்களைப் பாளையங்கோட்டையிலிருந்து நடத்தியே ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஆற்றங்கரையில் உள்ள ஊர்னு பரீட்சையில எழுதாதீங்கடே. ஆற்றங்கரையில ஆயிரம் ஊர் இருக்கு. ஆற்றையே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த ஊர் இது" என்றார். அன்று நாங்கள் சிரித்தோம். அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் புரிய நாற்பத்து நான்கு வருஷம் ஆயிற்று. அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவர் காட்டிய வழியிலேயே ஊரைச் சுற்றி வருவோம்.

பாலத்தில் தொடங்குவோம்

காலை ஆறரை மணிக்கெல்லாம் சுலோசன முதலியார் பாலத்துக்கு வந்துவிடுங்கள். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. பாலம் வருவதற்கு முன்னால் இக்கரைக்கும் அக்கரைக்கும் படகுதான். வெள்ளம் வந்தால் இரண்டு ஊரும் இரண்டு தேசம். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து இந்தப் பாலத்தைக் கட்டச் செய்தார். ஜனங்களிடம் சுங்கம் வசூலித்துச் செலவை ஈடுகட்டலாம் என்ற யோசனை எழுந்தபோது, அது வேண்டாம் என்று அவரே முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1843-ல் பாலம் திறக்கப்பட்டது. 11 வளைவுகள். லண்டனில் தேம்ஸ் நதிமீது இருந்த வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டது. அந்த லண்டன் பாலத்தை 1930-களில் இடித்துவிட்டார்கள். நம்முடையது பிற்பாடு அகலப்படுத்தப்பட்டு, பக்கத்தில் புதுப் பாலம் ஒன்றும் வந்த பிறகு, இன்னும் பாரம் சுமந்துகொண்டு நிற்கிறது.

பாலத்திலிருந்து கொக்கிரகுளம் பக்கம் பார்க்கும்போது ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துங்கள். 1999 ஜூலை 23-ஆம் தேதி, கூலி உயர்வு கேட்டுக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்த மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்கள்மீது தடியடி நடந்து, ஜனங்கள் ஆற்றுக்குள் சிதறி ஓடினார்கள். 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. ஊரைப் பார்ப்பது என்றால் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆற்றுக்குள் ஒரு கோவில்

அங்கிருந்து மேற்கே குறுக்குத்துறை. முருகன் கோவில் கரையில் இல்லை, ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவ மூர்த்தியை மேலக்கோவிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தண்ணீர் கோவிலை மூடிக்கொண்டு ஓடும், பிறகு இறங்கும். மணலையும் சகதியையும் கழுவிவிட்டு மறுபடி பூஜை நடக்கும். ஆற்றோடு சண்டை போடாமல், அது வரும்போது வழிவிட்டு, போனபின் திரும்பி வருகிற ஏற்பாடு இது. கட்டினவர்கள் வெள்ளம் தெரியாமல் கட்டவில்லை. தெரிந்தே கட்டினார்கள்.

எங்கள் காலத்தில் இங்கே மணிக்கணக்கில் குளித்திருக்கிறோம், அந்தத் தண்ணீரையே குடித்தும் இருக்கிறோம். இன்று அப்படிக் குடிக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சாக்கடை கலக்கிறது. யாரோ வெளியூர்க்காரன் வந்து கலந்துவிட்டுப் போகவில்லை, எல்லாம் நம் வீடுகளிலிருந்து போனதுதான்.

ஆற்றை வீட்டுக்குக் கூட்டி வந்த விதம்

இனி பேராசிரியரின் பாடத்துக்கு வருவோம். தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்கு நீர் தருகின்றன. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம். இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வெள்ளைக்காரர் காலத்தில், 1870-களில் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முந்தியவை.

அணைக்கட்டு என்றால் பாபநாசம் அணை மாதிரி பெரிய மதிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வான கல்சுவர், அவ்வளவுதான். ஆற்றைத் தடுப்பது அதன் வேலை இல்லை. நீர்மட்டத்தைக் கொஞ்சம் தூக்கிக் கால்வாய் வாய்க்குள் திருப்பிவிடும். மிச்சத் தண்ணீர் சுவருக்கு மேலே வழிந்து அடுத்த ஊருக்குப் போகும். நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கீழே உள்ளவனுக்கு விடுவது!

நம் நகரத்துக்குச் சம்பந்தப்பட்டவை மூன்று கால்வாய்கள். அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து கோடகன் கால்வாய், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாய், பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய். இதில் பாளையங்கால்வாய் 40 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போய் ஐம்பதுக்கும் மேற்பட்ட குளங்களுக்கு நீர் கொடுக்கிறது. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு கரை, வயலுக்கு நீர் விட மடை, நிரம்பினால் வழிய மறுகால். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. இப்படிக் கைமாறிக் கைமாறிப் போகும்.

வீட்டு வாசலுக்கு வந்த தண்ணீர் எத்தனை பேருக்கு உதவியது என்று நினைத்துப் பாருங்கள். பாளையங்கோட்டையில் 1785-ல் குளோரிந்தா அம்மையார் கட்டிய தேவாலயம் இன்றும் இருக்கிறது. ஜனங்கள் அவரைப் பாப்பாத்தியம்மாள் என்றே சொன்னார்கள். அவர் கோவிலோடு நிற்கவில்லை, ஊருக்குக் கிணறும் வெட்டினார். சுற்றிலும் கால்வாயும் குளமும் இருந்தால்தானே கிணற்றில் ஊற்று நிற்கும்? டவுனுக்குப் போனால் ஊர்ப்பெயரே தண்ணீர்க் கதை. வேதசர்மா என்பவர் சுவாமிக்கு நைவேத்தியம் வைக்கக் காயப்போட்ட நெல்லை, மழையில் நனையாமல் இறைவன் வேலி கட்டிக் காத்தாராம். அதனால் திருநெல்வேலி.

நயினார்குளமும் வேய்ந்தான்குளமும்

டவுனில் கோவிலைப் பார்த்துவிட்டு நயினார்குளம் கரைக்கு வாருங்கள். நெல்லைக் கால்வாய் கொண்டுவந்து விடும் குளம் இது. பக்கத்தில் மொத்தக் காய்கறி மார்க்கெட்டின் சத்தம். நகரத்தின் நடுமடியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்பதே பெரிய விஷயம்.

அடுத்தது வேய்ந்தான்குளம். இன்றைய மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "புது பஸ் ஸ்டாண்ட் ஏரியா சார்" என்றார்கள். ஒருவர்கூடக் குளம் என்று சொல்லவில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே, 2003-ல், அங்கே பஸ் நிலையம் வந்துவிட்டது, அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாங்கள் பார்த்தபோது அது நீர்ப்பரப்பு. வெளியூர் பஸ்கள் நிற்க ஊருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது நிஜம்தான். ஆனால் இடம் தேடும்போதெல்லாம் நம் கண்ணுக்கு முதலில் படுவது குளம்தான் என்பதும் நிஜம். மிச்சமிருக்கும் குளம் பஸ் நிலையத்தை ஒட்டி இன்றும் இருக்கிறது. மழைக்காலத்தில் பறவைகள் வருகின்றன. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பத்து நிமிஷம் நடந்துபோய்ப் பாருங்கள்.

என் கதை

மற்றவர்களைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு என் கணக்கைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 1996-ல் நானும் ஒரு மனை வாங்கினேன். விலை மலிவு, பள்ளிக்கூடம் பக்கம். பத்திரத்தில் நான்கு எல்லை சொல்லும் இடத்தில் "குளத்து மறுகால் ஓடைக்குக் கிழக்கு" என்று தெளிவாகவே எழுதியிருந்தது. சரித்திரம் படித்தவன், பழைய ஆவணங்களை வரி வரியாக வாசிக்கப் பழக்கப்பட்டவன், கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்தேன்.

1992 நவம்பர் வெள்ளத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மாஞ்சோலைப் பக்கம் ஒரே நாளில் கொட்டிய மழையில் ஆறு கரை புரண்டது. அப்போது நான் வாடகை வீட்டில், மேட்டில் இருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது வேறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆற்றங்கரை மட்டுமா, கலெக்டர் ஆபீசைச் சுற்றியும் தண்ணீர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு என் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஆறு எங்களுக்கு மூன்று கிலோமீட்டர். "ஆறு இவ்வளவு தூரம் எப்படி வந்துச்சு?" என்று நான் திகைத்து நிற்க, என் மனைவி வாசலைப் பார்த்துவிட்டு, "இது ஆத்துத் தண்ணி இல்லீங்க. கிழக்கயிருந்து வருதா பாருங்க, மேற்கயிருந்துல்லா வருது. ஓடைத் தண்ணி" என்றாள். மேலே இருக்கிற குளம் மறுகால் பாய்ந்திருக்கிறது. அது போக வேண்டிய கீழ்க்குளம் இப்போது எங்கள் நகர். வரத்துக்கால் இருந்த இடத்தில் எங்கள் தெரு. தண்ணீர் வழி தவறவில்லை, அதன் வழியில் நான்தான் வீடு கட்டியிருந்தேன். பேராசிரியர் சொன்னது அன்றைக்குத்தான், இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது, எனக்குப் புரிந்தது. ஆற்றை வீட்டுக்குக் கூட்டிவந்த ஊர் அதற்கு உட்கார இடமும் வைத்திருந்தது. அந்த இடத்தை நாம் எடுத்துக்கொண்டோம்.

உயிருக்குச் சேதமில்லை. அரிசி, மெத்தை, மிக்ஸி எல்லாம் போனதை மறுபடி வாங்கிவிட்டோம். கீழ் அலமாரியில் இருந்த 1981 குரூப் போட்டோ மட்டும் போனது போனதுதான். காயவைத்துப் பார்த்தோம், முகங்கள் எல்லாம் அழிந்து, பின்னால் நின்ற வேப்பமரம் மட்டும் தெரிந்தது.

மாலையில் கூந்தன்குளம்

மனம் தளர வேண்டாம், கடைசியாக ஒரு நல்ல இடத்துக்குப் போவோம். மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். கூந்தன்குளமும் ஒரு பாசனக் குளம்தான். 1950-களில் கட்டிய மணிமுத்தாறு அணையின் கால்வாய் நீர் அங்கே வருகிறது. கூழைக்கடாக்கள், பூநாரைகள், மஞ்சள்மூக்கு நாரைகள், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் எல்லாம் வரும். நாரைகள் ஊருக்குள்ளே, வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். பறவை பயப்படும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்து நீர் அவர்கள் வயலுக்கு உரம். 1994-ல் சரணாலயம் ஆயிற்று. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அரசாங்கம் போர்டு வைப்பதற்கு முன்பே அந்த ஜனங்கள் காவல் காத்திருக்கிறார்கள். குளத்தைக் குளமாகவே வைத்துக்கொண்ட ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க அங்கே போக வேண்டும். ஜனவரி மாதத்தில் போவது நல்லது.

தம்பி தங்கைகளுக்கு

தாமிரபரணிக் குளங்களில் 2011-லிருந்து ஜனவரி மாதங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. மாணவர்களும் சேர்ந்துகொள்ளலாம். நீங்களும் போங்கள். இன்னொரு வேலையும் உண்டு. பழைய வருவாய்த்துறை வரைபடத்தையும் இன்றைய தெருக்களையும் பக்கத்தில் வைத்து, நம் கல்லூரியைச் சுற்றி எந்தக் குளம், எந்த மறுகால், எந்த ஓடை எங்கே இருந்தது என்று ஒரு படம் போடுங்கள். வரலாற்றுத் துறையும் புவியியல் துறையும் சேர்ந்தால் ஒரு வருஷத்தில் முடியும். அச்சுச் செலவை நம் சங்கம் ஏற்க வேண்டும் என்று பொதுக்குழுவில் நான் கேட்கப்போகிறேன், பழைய மாணவர்கள் கை தூக்கி ஆதரிக்க வேண்டும். மனை வாங்கப் போகிற ஒருவன் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், நம் உழைப்பு வீணில்லை.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். 1981 பி.ஏ. வரலாறு குரூப் போட்டோ யாரிடமாவது இருந்தால் விழாவுக்கு எடுத்து வாருங்கள். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன். இந்தத் தடவை மேல் அலமாரியில் வைப்பேன்.