பாரத் மேட்ரிமோனி ஆப்பை கூகுள் தூக்கியது ஏன்? கமிஷன் கணக்கு இதுதான்!

குண்டடம் வாரச்சந்தைக்கு ஆடு ஓட்டிட்டுப் போனவங்களுக்கு சுங்கம்னா என்னன்னு சொல்லித் தர வேண்டியதில்லை. சீட்டு வாங்கினால்தான் உள்ளே நிற்க இடம். சுங்கம் அதிகம் என்று தோன்றினால், அடுத்த வாரம் வேறு சந்தைக்கு வண்டியைத் திருப்பிக் கொள்ளலாம். ஆனால் ஆண்ட்ராய்டு போனுக்கு ஆப் செய்பவர்களுக்கு அப்படி இன்னொரு சந்தை பெயரளவில்தான் இருக்கிறது. இந்தியாவில் 100 ஸ்மார்ட்போன்களில் சுமார் 95 ஆண்ட்ராய்டு. அதில் ஆப் இறக்க எல்லோரும் போகும் வாசல் கூகுள் ப்ளே ஸ்டோர்.

அந்த வாசலில் 2024 மார்ச் 1 அன்று கதவு சாத்தப்பட்டது.

என்ன நடந்தது?

கட்டணம் செலுத்தவில்லை என்று 10 இந்திய நிறுவனங்கள் மீது கூகுள் நடவடிக்கை எடுத்தது. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி, கிறிஸ்டியன் மேட்ரிமோனி, முஸ்லிம் மேட்ரிமோனி, ஜோடி ஆகிய ஆப்கள் நீக்கப்பட்டன. ஷாதி.காம், நௌக்ரி, குக்கூ எஃப்எம் ஆப்களும் காணாமல் போயின. இந்திய இணையத்துக்கு இது இருண்ட நாள் என்றார் மேட்ரிமோனி.காம் நிறுவனர் முருகவேல் ஜானகிராமன்.

இதில் 'ஜோடி' ஆப்பை கவனிக்கணும். பட்டப்படிப்பு முடிக்காதவர்களுக்காக, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் 2021ல் வந்தது அது. பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் பையனுக்குப் பெண் தேடும் வீடுகளை மனசில் வைத்த ஆப். போனில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அப்போது வேலை செய்தது. புதுசா இறக்க முடியவில்லை, அப்டேட்டும் வரவில்லை.

எவ்வளவு கமிஷன்?

ஆப்புக்குள் டிஜிட்டல் சேவை விற்றால் 15 முதல் 30 சதவீதம் கூகுளுக்கு. உதாரணமாக, 1,000 ரூபாய் பேக்கேஜுக்கு 15 சதவீதம் என்றால் 150 ரூபாய். கூகுள் பேமென்ட்டுக்குப் பதிலாக வேறு பேமென்ட் முறையில் வசூலித்தாலும் விடாது; 4 சதவீதம்தான் குறையும். அதாவது 11 அல்லது 26. அந்த பேமென்ட் கம்பெனிக்குத் தனியாக வேறு கொடுக்கணும். அப்புறம் என்ன மிச்சம் என்பதுதான் நிறுவனங்களின் கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், திருப்பூர் பனியனை ஆப் வழியாக விற்றால் இந்தக் கமிஷன் கிடையாது. கையில் தொடும் பொருளுக்கு விலக்கு. வரன் விவரத்துக்கு மட்டும் உண்டு.

கூகுள் என்ன சொல்கிறது? ப்ளே ஸ்டோரையும் ஆண்ட்ராய்டையும் நடத்த இந்தப் பணம் தேவை. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய டெவலப்பர்களில் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் 3 சதவீதம்தான் என்கிறது. சரிதான், ஆனால் அந்த 3 சதவீதத்தில்தான் சந்தா பணத்தில் ஓடும் நிறுவனங்கள் வருகின்றன.

ரெட்டிட்டிலும் இதே கதை

2023ல் ரெட்டிட் தன் தகவல்களை எடுத்துக் காட்டும் வெளி ஆப்களுக்குக் கட்டணம் விதித்தது. வருஷத்துக்கு சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குப் போட்ட 'அப்போலோ' ஆப், ஜூன் 30 அன்று கடையை மூடியது. ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைப்பு செய்தும் ரெட்டிட் இறங்கி வரவில்லை.

இங்கே வேறு மாதிரி. நீக்கிய மறுநாளே, இதை அனுமதிக்க முடியாது என்றார் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ். பேச்சுவார்த்தைக்குப் பிறகு மார்ச் 5ல் ஆப்களைத் திருப்பிக் கொண்டுவர கூகுள் சம்மதித்தது, தற்காலிகமாக.

கோர்ட்டில் என்ன நிலை?

சென்னை உயர் நீதிமன்றத்தில் நிறுவனங்கள் தொடுத்த வழக்குகள் 2023 ஆகஸ்ட்டிலும், மேல்முறையீடுகள் 2024 ஜனவரியிலும் தள்ளுபடியாகின. உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் தரவில்லை. அதன் பிறகுதான் கூகுள் ஆப்களை நீக்கியது.

இன்னொரு பக்கம், ப்ளே ஸ்டோர் பேமென்ட் விதிகளுக்காக இந்திய போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. கூகுளின் மேல்முறையீட்டை 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

ஆப்புக்கு வெளியே, நிறுவனத்தின் வெப்சைட்டில் நேரடியாகச் சந்தா கட்டினால் இந்தக் கமிஷன் சேராது. பேக்கேஜ் வாங்கும் முன் இரண்டு இடத்திலும் விலையைப் பாருங்க.