வரி காலாண்டுக்கு ஒருமுறை. கணக்கும் காலாண்டுக்கு ஒருமுறை வேண்டும்

யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் வீடோ கடையோ வளவோ உடைய எவரும் சோலைவரியை அறியாதிருக்க முடியாது. சட்ட ஏடுகளில் ஆதனவரி எனக் குறிக்கப்படும் இவ்வரி, ஆண்டுக்கெனக் கணிக்கப்பட்டு, மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர் மாத முடிவுகளை எல்லையாகக் கொண்ட நான்கு காலாண்டுகளுக்கும் பகுத்து அறவிடப்படுகின்றது. ஜனவரி 31ஆம் திகதிக்கு முன்னர் முழு ஆண்டுக்குமாகச் செலுத்துவோருக்கு 10 வீதமும், அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்திற்குள் செலுத்துவோருக்கு 5 வீதமும் கழிவு வழங்குவது இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களின் வழமையாகும். ஆக, மக்களிடமிருந்து பெற வேண்டியதைக் காலாண்டு தவறாது கேட்பதற்குச் சட்டமும் ஒழுங்கும் இருக்கின்றன. பெற்ற பணத்தினால் ஒவ்வொரு பிரிவும் செய்த வேலை யாது என்பதை அதே ஒழுங்கில் மக்களுக்குச் சொல்லும் வழக்கம் மட்டும் இன்னும் வேரூன்றவில்லை. இக்குறையைப் பற்றியே இன்று எழுத விரும்புகின்றோம்.

மாநகர சபையின் கடமைகளை 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் வகுத்துரைக்கின்றது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றை நிருவகிப்பதும், நகரில் வாழ்வோரின் வசதியையும் நலனையும் பேணுவதும் சபையின் பொறுப்பாகும். அரசியல் தலைமை மேயரிடமும், அன்றாட நிருவாகம் ஆணையாளரிடமும் உள்ளன. இவர்களின் கீழ் பொறியியல், சுகாதாரம், வருமானம், கணக்கு, நூலகம், தீயணைப்பு எனப் பல பிரிவுகள் இயங்குகின்றன. கொள்கை முடிவுகளை உறுப்பினர்களைக் கொண்ட குழுக்களும் சபையின் மாதாந்தக் கூட்டமும் ஆராய்கின்றன.

சபையின் வருமானம் சோலைவரியோடு நின்றுவிடுவதில்லை. வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் கடைகளின் வாடகை, குத்தகைப் பணம், கட்டட அனுமதிக் கட்டணம் ஆகியனவும் உண்டு. காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண நிருவாகத்தின் ஊடாக வந்து சேர வேண்டியவை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிவடைந்த பின்னர், உள்ளூராட்சி மன்றங்களுக்கு மேலே மக்களால் தெரிவு செய்யப்பட்ட மாகாண அமைச்சர் ஒருவர் இருந்து கேள்வி கேட்கும் நிலையும் அற்றுப்போனது. கேள்வி கேட்கும் பொறுப்பு இதனால் வரியிறுப்பாளரின் தோளிலேயே கூடுதலாக விழுந்தது.

1906இல் உள்ளூர்ச் சபையாகத் தொடங்கிய யாழ் நகர ஆட்சி 1949இல் மாநகர சபையாக உயர்ந்தது. சாம் ஏ. சபாபதி அதன் முதல் மேயரானார். 1955இல் எம். எம். சுல்தான் மேயராக விளங்கினார். இந்நகரின் ஆட்சிப் பீடம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானதாக இருந்தது என்பதற்கு அது சான்று. பின்னர் வந்த காலம் கொடியது. மேயராகப் பதவி வகித்த அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். 1983 முதல் 1998 வரை தெரிவு செய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. 1998 ஜனவரியில் தேர்தல் நடைபெற்று மேயரான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே 17ஆம் திகதி கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற பொன். சிவபாலன், மாநகர சபைக் கட்டடத்தில் கூட்டமொன்று நடந்துகொண்டிருந்தபோது வெடித்த குண்டினால் செப்டெம்பர் 11ஆம் திகதி உயிரிழந்தார். நான்கு மாத இடைவெளியில் இரு மேயர்களைப் பறிகொடுத்த சபை இது.

போர் ஓய்ந்த பின்னரும் தொடர்ச்சி கிட்டவில்லை. 2018இல் தெரிவான சபையில், 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் இருமுறை தோற்கடிக்கப்பட்டு மேயர் பதவியிழந்தார். அடுத்த மேயர் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் தெரிவானார். 2023 மார்ச் மாதத்துடன் அச்சபையின் காலம் முடிவடைந்தது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின்னர் ஜூன் மாதத்தில் புதிய சபை அமையும்வரை ஆணையாளரின் நிருவாகமே நடந்தது. 1983இலிருந்து எண்ணிப் பார்த்தால், மக்கள் பிரதிநிதிகள் இருந்த காலம் அரைவாசிக்கும் குறைவானதே. பிரதிநிதி இல்லாத காலத்திலும் வரிச்சிட்டை வரத் தவறவில்லை. எனவே சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தானே நடைபெறக்கூடிய ஒரு கணக்கு ஒப்புவிப்பு முறை ஏனைய நகரங்களைவிட யாழ்ப்பாணத்திற்கே அதிகம் தேவைப்படுகின்றது.

ஏன் காலாண்டு எனக் கேட்கலாம். ஆண்டறிக்கை காலந்தாழ்த்தி வருவது. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கை அதற்கும் பின்னர் வருவது. பிழை தெரிய வரும்போது அதைத் திருத்தும் பருவம் கடந்துவிடுகின்றது. மாதாந்த அறிக்கையோ வேலை தொடங்கி முடிவதற்குப் போதிய கால அளவன்று. மேலும், யாழ் நகரின் ஆண்டு தானாகவே நான்கு பருவங்களாகப் பிரிந்து கிடக்கின்றது.

முதலாம் காலாண்டு வரி சேரும் காலம். மாரி ஓய்ந்து தேங்கிய நீரில் நுளம்பு பெருகும் காலமும் அதுவே. 2023ஆம் ஆண்டின் இறுதியிலும் 2024இன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் டெங்கு கடுமையாகப் பரவியதை மறந்துவிட முடியாது. 2025இலும் 2026இலும் ரமழான் மாதம் இக்காலாண்டிலேயே அமைந்தது. இரவுத் தொழுகைக்குச் செல்வோருக்கு வீதிவிளக்குகள் எரிய வேண்டிய மாதம் அது. இரண்டாம் காலாண்டு வறட்சியுடையது. கிணறுகளின் நீர் தாழும். வடிகால்களையும் குளங்களையும் துப்புரவாக்கவும் வீதிகளைத் திருத்தவும் அதைவிட நல்ல காலம் இல்லை. மூன்றாம் காலாண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவம் வருகின்றது. வீதித் தடை, கடைகளுக்கான இடம், குடிநீர், மலசலகூடம், குப்பை அகற்றல் என மாநகர சபையின் எல்லாப் பிரிவுகளும் ஒருசேர உழைக்கும் காலம் அது. நான்காம் காலாண்டில் வடகீழ்ப் பருவமழை பெய்யும். இரண்டாம், மூன்றாம் காலாண்டுகளில் செய்யாமல் விட்ட வேலைகளை அம்மழையே வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். அதே காலாண்டில்தான் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டமும் சபைக்கு வருகின்றது.

இவ்வாறு பார்க்கையில், ஜூன் முடிவில் எத்தனை வடிகால்கள் துப்புரவாக்கப்பட்டன என்பதை மக்கள் அறிந்தால், நவம்பர் வெள்ளத்திற்கு முன்னர் கேள்வி எழுப்ப நான்கு மாதங்களாவது எஞ்சியிருக்கும். அடுத்த மார்ச் மாதத்தில் அறிந்தால் ஆற்றாமை மட்டுமே எஞ்சும்.

அறிக்கையில் எவை இடம்பெற வேண்டும் என்பதையும் சுருக்கமாகக் குறிப்பிடுகின்றோம். வருமானப் பிரிவு, அக்காலாண்டில் அறவிட வேண்டிய தொகை, அறவிட்ட தொகை, நிலுவை ஆகிய மூன்றையும் வட்டாரவாரியாகத் தர வேண்டும். பொறியியற் பிரிவு முதலில் எந்த வீதி யாருடையது என்பதை அறிவிக்க வேண்டும். கண்டி வீதி போன்ற பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், வேறு சில மாகாணத் திணைக்களத்திற்கும், எஞ்சிய உள்வீதிகள் மாநகர சபைக்கும் உரியவை. இது தெரியாமல் ஓரிடத்தின் பள்ளத்திற்கு மற்றோரிடத்தில் முறையிட்டு அலைவோர் பலர். பின்னர், திருத்திய வீதிகளின் பெயரும் நீளமும் செலவும், பழுதடைந்த விளக்குகளின் எண்ணிக்கையும் அவை திருத்தப்படுவதற்கு எடுத்த நாட்களும் குறிக்கப்பட வேண்டும்.

சுகாதாரப் பிரிவின் கணக்கே மிக முக்கியமானது. நகரின் குப்பை கொட்டப்பட்டுவந்த கல்லுண்டாய் வெளி மாநகர எல்லைக்கு அப்பால் உள்ளது. அங்கு தீப்பற்றியபோதெல்லாம் புகையைச் சுவாசித்தவர்கள் நகருக்கு வரி செலுத்தாத அயலூரவர்கள். எத்தனை தொன் சேர்ந்தது, அதில் எவ்வளவு தரம்பிரிக்கப்பட்டது, எவ்வளவு பசளையாக மாற்றப்பட்டது என்பன அவர்களுக்கும் தெரிய வேண்டியவை. மலக்கழிவு பற்றிய கணக்கும் அவ்வாறானதே. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே நிலத்தடி நீர். வீட்டுக்கு வீடு கிணறும் மலக்குழியும் அருகருகே இருக்கும் நகரில், குழியிலிருந்து கசிவது கிணற்றையே சென்றடைகின்றது. நைத்திரேற்று மாசு குடாநாட்டு நீரின் நெடுநாளைய நோய். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைச் சுத்திகரிக்கும் கடல்நீர் நிலையம் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டமை பெரும் ஆறுதல். ஆயினும் குழாயில் நல்ல நீர் வருவதனால் நிலத்தடி நீரைக் காக்கும் கடமை தீர்ந்துவிடாது. மலக்கழிவு அகற்றும் பவுசர் எத்தனை தடவைகள் சென்றது, எங்கே கொட்டியது, எத்தனை குழிகள் விதிமுறைக்கு மாறாக உள்ளன என்பவை காலாண்டுதோறும் வெளிவர வேண்டிய தகவல்கள்.

பொது நூலகமும் மாநகர சபையினுடையதே. 1959இல் திறந்துவைக்கப்பட்ட அக்கட்டடம் 1981 மே 31 நள்ளிரவில் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அந்த நூலகத்தில் இந்தக் காலாண்டில் எத்தனை புதிய நூல்கள் சேர்ந்தன, எத்தனை பிள்ளைகள் உறுப்பினராயினர் என்ற இரண்டு எண்களைக் கேட்பதற்கு எமக்கு உரிமையுண்டு. நூலகத்திற்கு அருகே இந்திய உதவியுடன் எழுப்பப்பட்டு 2023 பெப்ரவரியில் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கலாசார மையம் இன்னொரு பாடத்தைச் சொல்கின்றது. அதன் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி, கட்டடம் எழுந்த காலத்திலேயே எழுந்தது. நன்கொடையாகக் கிடைப்பதையும் நாள்தோறும் பேணப் பணம் வேண்டும்.

இவ்விடத்தில் முஸ்லிம் மக்களின் நிலையைத் தனித்துக் குறிப்பிடுவது அவசியம் எனக் கருதுகின்றோம். 1990 அக்டோபர் 30ஆம் திகதி, சில மணிநேர அவகாசத்தில் யாழ் நகர முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்திலும் பிற இடங்களிலும் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 1981இல் 118,224ஆக இருந்த யாழ் நகரின் சனத்தொகை 2012இல் 88,138ஆகக் குறைந்திருந்தது. அக்குறைவில் போரினால் புலம்பெயர்ந்த தமிழரும் உளர். வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் உளர்.

சோலைவரி ஆளோடு போவதில்லை, வீட்டோடு நிற்பது. சோனகதெருவில் கூரையிழந்த வீட்டின் உரிமையாளர் புத்தளத்தில் வாழ்ந்தாலும் யாழ் மாநகர சபையின் வரியிறுப்பாளரே. மாதாந்தக் கூட்டத்தை அவரால் வந்து பார்க்க முடியாது. அலுவலகப் படியேறி விசாரிக்கவும் இயலாது. எழுத்தில் வரும் காலாண்டு அறிக்கை ஒன்றே அவரைச் சென்றடையக்கூடியது. தன் தெருவில் வடிகால் வெட்டப்பட்டதா, விளக்குப் போடப்பட்டதா, குப்பை வண்டி வருகின்றதா என்பதை அறிந்தபின்னரே திரும்பி வருவதா என்று ஒரு குடும்பம் முடிவெடுக்க முடியும். தாழ்நிலமான பொம்மைவெளியில் மீளக் குடியேறியோருக்கு வடிகால் பற்றிய ஒரு வரி, மீள்குடியேற்றம் பற்றிய பத்து மேடைப் பேச்சுக்களிலும் பெறுமதியானது.

இதனாலேயே வட்டாரவாரியான விபரத்தை வலியுறுத்துகின்றோம். மாநகர சபைக்கு 27 வட்டாரங்கள் உள்ளன. நகரம் முழுவதற்குமான ஒரே கூட்டுத்தொகை, வசதியுள்ள வட்டாரத்தின் நிறைவைக் கொண்டு வசதியற்ற வட்டாரத்தின் குறையை மூடிவிடும். குருநகரின் மீனவரும், சோனகதெருவின் வியாபாரியும், நல்லூரின் ஓய்வூதியரும் தத்தம் வட்டாரத்தை அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தால், பாரபட்சம் இருந்தால் அது தெரியவரும். இல்லையெனின் வீண் சந்தேகம் நீங்கும். இரு சமூகங்களுக்கிடையே நம்பிக்கை வளர்வதற்கு இத்தகைய வெளிப்படையான கணக்கு நல்ல அடித்தளமாகும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவென்று சொல்வதற்கில்லை. பிரேசிலின் போர்த்து அலெக்ரே நகரம் 1989இலேயே வரவு செலவுத் திட்டத்தை வட்டார மக்களின் முன்னால் வைத்து முடிவு செய்யும் முறையைத் தொடங்கி உலகுக்கு வழிகாட்டியது. எமது நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துகின்றது. விண்ணப்பித்தவருக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். அச்சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள், எவரும் கேட்காமலே வெளியிட வேண்டிய தகவல்களையும் குறிப்பிடுகின்றன. ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதி ஆளுக்கொரு பதில் பெறுவதிலும், எல்லோருக்குமான பதிலை ஒரே தாளில் வெளியிடுவது அலுவலர்களுக்கும் வேலைச்சுமையைக் குறைக்கும். இதற்கெனப் புதிய பதவிகளோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. விபரங்கள் ஏற்கெனவே ஒவ்வொரு பிரிவின் பதிவேடுகளிலும் இருக்கின்றன.

குறை சொல்லும் ஆயுதமாக இவ்வறிக்கை மாறிவிடுமோ என்ற அச்சம் சபையில் இருக்கலாம். விடியற்காலையில் குப்பை வண்டியோடு செல்லும் தொழிலாளியும், இரவில் அழைப்பு வந்தால் ஓடும் தீயணைப்பு வீரரும் செய்யும் வேலையை ஊர் அறிவதற்கும் இதுவே வழி. ஆளில்லாமலும் பணமில்லாமலும் தடைப்பட்ட வேலைகளைக் காரணத்துடன் எழுதினால் மக்கள் புரிந்துகொள்வர். வரி ஏன் உயர்த்தப்பட வேண்டும் என்பதையும் அப்போது நேர்மையாகப் பேச முடியும்.

காலாண்டு முடிந்து ஒரு மாதத்திற்குள், எளிய தமிழில், நான்கு பக்கங்களுக்கு மேற்படாமல் அறிக்கை வெளிவர வேண்டும். மாநகர சபை வாயிலிலும், பொது நூலகத்திலும், சந்தைகளிலும், கோயில், பள்ளிவாசல், தேவாலய அறிவித்தற் பலகைகளிலும் அது ஒட்டப்பட வேண்டும். புத்தளத்தில் வாழும் யாழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களுக்கும் ஒரு பிரதி அனுப்பப்பட வேண்டும். கட்சி பேதமின்றி உறுப்பினர்கள் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினால் அடுத்த காலாண்டிலேயே இதைத் தொடங்க முடியும். வரிச்சிட்டையோடு கணக்குச் சீட்டும் ஒருங்கே வந்து சேரும் நாளையே யாழ் நகர மக்களோடு சேர்ந்து நாமும் எதிர்பார்த்து நிற்கின்றோம்.