ஒரு கினி சந்தா

எங்கள் புத்தகக் குழுவில் எட்டுப் பேர். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலையில், முறை வைத்துக்கொண்டு, ஒருவர் வீட்டில் கூடுகிறோம். கூடும்போது மூன்று பேர் புத்தகத்தை முழுக்கப் படித்திருப்பார்கள். மூன்று பேர் பாதி படித்திருப்பார்கள். மீதி இருவர் பஜ்ஜிக்காக வருகிறவர்கள். ஆனால் அபிப்பிராயம் சொல்வதில் மட்டும் எட்டுப் பேருக்குள்ளும் ஏற்றத்தாழ்வு கிடையாது.

சென்ற முறை நாங்கள் எடுத்துக்கொண்டது ஆன்டனி டிராலப் 1857-ல் வெளியிட்ட ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ என்ற ஆங்கில நாவல். மாதா கோயிலைச் சுற்றி அமைந்த ஒரு நகரம். அங்கே பாதிரியார்களுக்குள் பதவிச் சண்டை. பிஷப்பை ஆட்டி வைக்கும் அவருடைய மனைவி. நம் ஊர் தேவஸ்தானக் கமிட்டி எதையாவது கிட்டே இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகவே தோன்றாது. எங்கள் குழுவில் மூத்தவரான மாமி பிஷப்பின் மனைவியை மிகவும் ரசித்துப் படித்துவிட்டு வந்திருந்தார். ஆனாலும் அவருக்கு ஒரு குறை.

“கதையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. முடிகிற சமயத்தில் இந்த மனுஷர் என்ன எழுதியிருக்கிறார், பார்த்தீர்களோ? இன்னும் ஒரு டஜன் பக்கம் குறைகிறது என்று நம்மிடமே புலம்புகிறார்! குறைந்தால் குறைந்துவிட்டுப் போகிறது. கதை முடிந்தால் முடித்துவிட வேண்டியதுதானே?” என்றார்.

மாமி கேட்டது நியாயமான கேள்வி. டிராலப் 439 பக்கம் என்று கணக்கே சொல்லிவிடுகிறார். எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு அந்தப் புலம்பலைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதியவர்களுக்கு இது புரியும். “இன்னும் நாலு வாரம் கொண்டு போங்கள்” என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், இந்த வாரம் சாகவேண்டிய கதாபாத்திரம் நாலு வாரம் ஜுரத்தில் கிடக்கும்.

டிராலப்பின் காலத்து எழுத்தாளர்களுக்கு இந்தப் பக்கக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது யார்? பிரசுரகர்த்தர் என்று சொல்லத் தோன்றும். பிரசுரகர்த்தரோ நூல் நிலையத்தைக் கை காட்டுவார். அந்த நூல் நிலையங்களுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக இருந்தவர் சார்லஸ் எட்வர்ட் மியூடி. அவர் நாவல் எழுதியவர் அல்ல. ஆனால் விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவலின் உடம்பை அளவெடுத்துத் தைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மியூடி 1818-ல் லண்டனில் செல்ஸீ என்ற பகுதியில் பிறந்தவர். தகப்பனார் பத்திரிகை விற்ற சிறு கடைக்காரர். மகன் 1840-ல் ப்ளூம்ஸ்பரியில் தனியாகக் கடை வைத்து, 1842-ல் புத்தகங்களை வாசிக்கக் கொடுக்க ஆரம்பித்தார். சந்தா வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். ஒரு சமயத்தில் ஒரு பாகம் கையில் வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்ததும் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்.

இது எவ்வளவு பெரிய சகாயம் என்பது அந்தக் காலத்துப் புத்தக விலையைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். புது நாவல் என்றால் மூன்று பாகம். மூன்றும் சேர்ந்து முப்பத்தொன்றரை ஷில்லிங். வால்டர் ஸ்காட்டின் ‘கெனில்வொர்த்’ 1821-ல் அந்த விலைக்கு வந்தது. பிறகு எழுபது வருஷத்துக்கு மேல் அந்த விலை அசையவில்லை. பண்ணைக் கூலியாள் ஒருவன் இரண்டு வாரம் உழைத்த கூலி முழுவதையும் போட்டாலும் ஒரு நாவல் வாங்க முடியாது. கூலியாள் கிடக்கட்டும், குமாஸ்தாவுக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்குமே அது எட்டாத விலை. ஒரு நாவலின் விலையைவிடக் குறைந்த பணத்தில் வருஷம் முழுவதும் நாவல் படிக்கலாம் என்று மியூடி சொன்னபோது ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்ததில் ஆச்சரியம் இல்லை.

1852-ல் கடை நியூ ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கு மாறியது. 1860-ல் அங்கே பெரிய மண்டபமே எழும்பியது. 1853-லிருந்து பத்து வருஷத்துக்குள் மியூடி வாங்கிப் போட்ட பாகங்கள் ஏறத்தாழ 9,60,000. அவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை நாவல்கள். மெக்காலே எழுதிய இங்கிலாந்து சரித்திரத்தின் மூன்றாம், நான்காம் பாகங்கள் 1855-ல் வெளிவந்தபோது சுமார் 2,500 பிரதிகளை அவர் ஒருவரே எடுத்துக்கொண்டார். வெளியூர்ச் சந்தாதாரர்களுக்குப் பெட்டி பெட்டியாக ரயிலில் போகும். கடல் கடந்த நாடுகளுக்குக் கப்பலில் போகும். இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரத் துரைசானிகளும் அந்தப் பெட்டிகளுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

எல்லாம் சரி, மூன்று பாகம் எதற்கு? இங்கேதான் வியாபாரியின் மூளை இருக்கிறது. ஒரு சந்தாவுக்கு ஒரு பாகம்தான். ஒரே நாவல் மூன்று பாகமாக இருந்தால் மூன்று குடும்பங்களை ஒரே சமயத்தில் திருப்தி செய்யலாம். ஒரு வீட்டில் கதாநாயகி அறிமுகமாகிக்கொண்டிருப்பாள். அடுத்த தெருவில் அவள் ஏமாற்றப்பட்டு அழுதுகொண்டிருப்பாள். மூன்றாவது வீட்டில் அவளுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். அவசரக்காரர்கள் கூடுதல் சந்தா கட்டி எல்லாப் பாகங்களையும் சேர்த்து எடுத்துப் போவார்கள். இரண்டு வழியிலும் லாபம். போட்ட விலையில் பாதி அளவுக்கே பிரசுரகர்த்தர் மியூடிக்குக் கொடுத்துவிடுவார். அவருக்கும் நஷ்டமில்லை, சில நூறு பிரதிகள் அச்சகத்திலிருந்து நேராகப் போய்விடும் என்ற நிச்சயம் இருந்ததே!

கஷ்டமெல்லாம் எழுதுகிறவனுக்குத்தான். கதை ஒன்றரைப் பாகத்துக்கு இருந்தாலும் அதை மூன்று பாகமாக்க வேண்டும். மியூடி இன்னும் சின்னக் கடைக்காரராக இருந்த நாளிலேயே இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. சார்லட் பிராண்டி ‘தி ப்ரொஃபஸர்’ என்ற நாவலை எழுதி, பிரசுரகர்த்தர் ஒவ்வொருவருக்காக அனுப்பினார். ஒரே பாகத்துக்கு வரக்கூடிய சின்னக் கதை. போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைசியில் ஒருவர் மட்டும், மூன்று பாகத்தில் ஏதாவது இருந்தால் கவனித்துப் பார்க்கிறோம் என்று மரியாதையாகப் பதில் எழுதினார். சார்லட் அனுப்பியது ‘ஜேன் அயர்’. 1847 அக்டோபரில் அது மூன்று பாகமாக வெளிவந்தது. ‘தி ப்ரொஃபஸர்’ அச்சேறியது அவர் இறந்த பிறகு, 1857-ல். சார்லட்டின் தங்கை எமிலி எழுதிய ‘வதரிங் ஹைட்ஸ்’ இரண்டு பாகத்துக்குத்தான் வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? இன்னொரு தங்கை ஆன் எழுதிய ‘ஆக்னஸ் கிரே’யை மூன்றாம் பாகமாகச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்! உலகம் கொண்டாடும் ஒரு நாவல், கணக்குச் சரிசெய்யத் துணைக்கு ஆள் தேடிக்கொண்டு வெளியே வந்தது.

பக்கம் நிரப்புவதற்கு வேறு உபாயங்களும் இருந்தன. ஓரத்தில் தாராளமாக இடம் விடுவார்கள். வரிகளுக்கு நடுவே மாட்டுவண்டி போகலாம். “அப்படியா?”, “அப்படித்தான்!” என்று பேச்சை நீட்டினால் பக்கத்துக்கு இருபது வரியில் பத்து வரி வெள்ளைக் காகிதம். ஜார்ஜ் கிஸ்ஸிங் என்பவர் 1891-ல் எழுதிய ‘நியூ கிரப் ஸ்ட்ரீட்’ நாவலில் ஓர் எழுத்தாளன் மூன்று பாகத்தை நிரப்ப முடியாமல் உருக்குலைந்து போகிறான். அந்தப் பரிதாபக் கதையும் மூன்று பாகமாகவே வெளிவந்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை.

நீளத்தை மட்டும் விதித்திருந்தால் மியூடியை மன்னித்துவிடலாம். கடையின் பெயரில் ‘தேர்ந்தெடுத்த’ என்று பொருள்படும் ஒரு சொல்லை அவர் சேர்த்திருந்தார். அவர் பக்தி மிகுந்தவர், பிரசங்கம் செய்வார், துதிப் பாடல்கூட எழுதியிருக்கிறார். தகப்பன் தன் பெண்ணிடம் தயங்காமல் கொடுக்கக்கூடிய புத்தகங்களே தம் அலமாரியில் இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. ஜார்ஜ் மெரிடித்தின் ‘தி ஆர்டீல் ஆஃப் ரிச்சர்ட் ஃபெவரல்’ 1859-ல் வந்தபோது 300 பிரதி எடுத்துக்கொண்டார். ஆட்சேபம் எழுந்ததும் சந்தாதாரர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்திவிட்டார். சட்டம் இல்லை, நீதிமன்றம் இல்லை. புத்தகம் அப்படியே மறைந்துபோயிற்று.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து ஜார்ஜ் மூர் என்ற அயர்லாந்துக்காரர் வந்தார். 1883-ல் வெளியான அவருடைய முதல் நாவலுக்கும் இதே கதிதான். காரணம் கேட்கப் போனவருக்கு, நாட்டுப்புறத்திலிருந்து இரண்டு சீமாட்டிகள் ஆட்சேபித்துக் கடிதம் எழுதியிருப்பதாகப் பதில் கிடைத்தது.

மூர் லேசில் விடுகிற ஆசாமி அல்ல. அடுத்த நாவலை விஸடெல்லி என்ற பிரசுரகர்த்தரிடம் கொடுத்து, ஒரே பாகமாக, ஆறு ஷில்லிங் விலையில் வெளியிடச் செய்தார். நூல் நிலையத்தின் தயவு வேண்டாம். வாசகனே வாங்கிக்கொள்ளட்டும் என்பது யோசனை. 1885-ல் மியூடியைத் தாக்கி ஒரு சிறு பிரசுரமும் எழுதினார்; விலை மூன்று பென்ஸ். மியூடி தாராளமாகச் சுற்றுக்கு விடும் நாவல்களிலிருந்தே சரச சல்லாபக் கட்டங்களை எடுத்துக் காட்டி, இவை மட்டும் உங்கள் பெண்களுக்கு ஆகுமா என்று கேட்டார். விஸடெல்லியின் கதை சோகமானது. எமிலி ஸோலாவின் நாவல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டதற்காக, எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் 1889-ல் மூன்று மாதம் சிறையில் இருந்தார். 

மியூடி 1890-ல் காலமானார். மூன்று பாக நாவல் அவருக்குப் பிறகு நான்கு வருஷம் உயிரோடு இருந்தது. அதை முடித்துவைத்தது மூரின் கோபம் மட்டும் அல்ல. நிலவறையில் சேர்ந்த சரக்கு. நாவல் வெளிவந்து சில மாதத்துக்குள் மலிவுப் பதிப்பு வந்துவிடும். பிறகு பழைய மூன்று பாகத்தை எடுப்பாரும் இல்லை, இரண்டாம் கையாக வாங்குவாரும் இல்லை. 1894 ஜூனில் மியூடியின் கம்பெனியும், ரயில் நிலையங்களில் கடை வைத்திருந்த ஸ்மித் கம்பெனியும் பிரசுரகர்த்தர்களுக்குக் கடிதம் அனுப்பின: இனிப் பாகத்துக்கு நாலு ஷில்லிங்குக்கு மேல் கொடுக்கமாட்டோம், ஒரு வருஷத்துக்கு மலிவுப் பதிப்பு கூடாது. அவ்வளவுதான். அந்த வருஷம் வெளிவந்த மூன்று பாக நாவல்கள் 184. 1897-ல் நாலே நாலு. வளர்த்த கையாலேயே அது முடிந்தது. மியூடியின் கடை மட்டும் எப்படியோ தள்ளாடிக்கொண்டு 1937 வரையில் இருந்தது.

இதையெல்லாம் மாமிக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டு சீமாட்டிகளின் கடிதம் வந்த இடத்தில் என் பேச்சுத் தடுமாறியது. காரணம், போன வருஷம் எங்கள் குழுவில் ஒருவர் ஒரு தமிழ் நாவலைச் சிபாரிசு செய்தார். கல்யாணமான ஒரு பெண்ணின் மனத்தைப் பற்றிய கதை. “வீட்டில் மேஜைமேல் போட்டு வைக்கிற புத்தகமா அது?” என்று இருவர் ஆட்சேபித்தார்கள். அவர்களில் ஒருவர் மாமி. நான் அந்த நாவலை ஏற்கெனவே படித்திருந்தேன். நல்ல நாவல் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மாதம் கூட்டம் என் வீட்டில். எதற்கு வம்பு என்று, “வேறு பார்க்கலாமே” என்று சொல்லிவிட்டேன். புத்தகம் பட்டியலிலிருந்து போயிற்று. எழுதியவருக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று பென்ஸுக்கு என்னைப் பற்றி ஒரு பிரசுரம் போட்டிருப்பார்.

சுற்றி வளைத்து இதை ஒப்புக்கொண்டபோது தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்சேபித்த இன்னொருவர் அவர்தான். மாமி மட்டும் நிதானமாகத் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது” என்றார்.

“உங்களிடமா?”

“வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேனே, என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரியவேண்டாமா? மறுநாளே வாங்கினேன். இரண்டு தடவை படித்தாயிற்று. உங்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பேசாமல் இருந்தேன்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைமையாசிரியர், “எத்தனை பக்கம்?” என்று கேட்டார்.

“சின்னதுதான் ஸார். மூன்று பாகம் இல்லை” என்றார் மாமி. அடுத்த மாதம் யார் வீட்டு முறை என்று பார்த்தோம். மாமி வீடு.