அனாட்டமி வகுப்புக்காக சேற்றடி வாங்கியவர்கள்!

மருத்துவம் படிக்கப் போகிறவர்களை முதல் வருடத்தில் மிரட்டும் பூதம் அனாட்டமி. எலும்புகளின் பெயர், நரம்புகள் போகும் வழி, போதாக்குறைக்கு ஃபார்மலின் வாடை... புலம்பாத மாணவர்களே கிடையாது. ஆனால் அந்த வகுப்பில் போய் உட்காருவதற்காகவே சேற்றடி வாங்கியவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்த கதை இது.

1869ஆம் ஆண்டு. சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்ற பெண், மருத்துவம் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார். ஒரே ஒரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடெல்லாம் செய்ய முடியாது என்று பதில் வந்தது. சோபியா சும்மா இருக்கவில்லை. 'ஒருத்திதானே பிரச்சினை, கூட்டம் சேர்த்தால் போச்சு' என்று ஆள் தேடினார். அந்த ஆண்டே ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். பின்னர் இன்னும் இருவர். வரலாறு இவர்களை 'எடின்பரோவின் எழுவர்' என்கிறது.

நுழைவுத் தேர்வை எழுதியவர்கள் 152 பேர். அதில் பெண்கள் ஐவர். முதல் ஏழு இடங்களில் நான்கைப் பிடித்தவர்கள் இந்தப் பெண்கள்தான்! இடம் கிடைத்தது, ஆனால் நிபந்தனைகளோடு. ஆண்களோடு சேர்ந்து உட்காரக் கூடாது, தனி வகுப்பு, அதற்கு அதிகக் கட்டணம். அந்தத் தனி வகுப்பை எடுப்பதும் எடுக்காததும் பேராசிரியரின் விருப்பம்.

1870இல் வேதியியல் தேர்வு நடந்தது. அந்தப் பாடத்தை முதல் முறையாக எழுதியவர்களில் எடித் பீச்சி முதலிடம். முறைப்படி ஹோப் உதவித்தொகை அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். பெண்கள் தனி வகுப்பில் படித்தவர்கள் என்று காரணம் சொல்லி, அவருக்குக் கீழே இருந்த ஆண் மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகைகளில் பெரிய சர்ச்சையானது.

வேதியியலே இந்தப் பாடு என்றால் அனாட்டமி? எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது அங்கேதான். மனித உடலை அறுத்துப் பார்ப்பது பெண்மைக்கு அழகல்ல, அதுவும் ஆண்கள் இருக்கும் அறையில் கூடவே கூடாது என்றார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நோயாளியாக வந்த பெண்ணின் உடலை ஆண் மருத்துவர் சோதித்தால் தப்பில்லை. அதே பெண் தன் உடல் எப்படி வேலை செய்கிறது என்று படித்தால் மட்டும் அநாகரிகமாம்!

1870 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, சர்ஜன்ஸ் ஹால் என்ற கட்டடத்தில் அனாட்டமி தேர்வு. பெண்கள் போய்ச் சேர்ந்தபோது சில நூறு பேர் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். வசவுகள் பறந்தன, சேறும் பறந்தது. கேட்டை முகத்துக்கு நேரே சாத்தினார்கள். அவர்களுக்கு ஆதரவான மாணவர் ஒருவர் ஓடிவந்து திறந்துவிட, சேறு அப்பிய உடையோடு உள்ளே போய் எழுத உட்கார்ந்தார்கள். அப்போதும் விடவில்லை, ஓர் ஆட்டைப் பிடித்து அறைக்குள் தள்ளிவிட்டார்கள். ஆசிரியர் ஹாண்டிசைட் அசரவில்லை. ஆடு இருந்துவிட்டுப் போகட்டும், அனுப்பியவர்களைவிட அதற்கு அறிவு அதிகம் என்ற பொருளில் சொல்லிவிட்டுத் தேர்வைத் தொடர்ந்தார்!

பிறகு வழக்கு. 1873இல் நீதிமன்றம், பெண்களைச் சேர்த்ததே தவறு என்று 7க்கு 5 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நான்கு வருடப் படிப்புக்குப் பட்டம் கிடையாது. எழுவரும் கலைந்தார்கள்.

ஆனால் கதை முடியவில்லை. 1874இல் லண்டனில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கக் காரணமானார் சோபியா. 1876இல் பெண்களுக்கு மருத்துவ உரிமம் தர அனுமதிக்கும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே சோபியாவும் எடித்தும் டப்ளினில் உரிமம் பெற்றார்கள். 1883இல் எடித் பம்பாய்க்கு வந்து பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார்.

இதற்கிடையே நம் சென்னையில் என்ன நடந்தது தெரியுமா? எடின்பரோ கதவைச் சாத்திய இரண்டே வருடத்தில், 1875இல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முழுப் பட்டப் படிப்பு இல்லை, மூன்று வருடப் படிப்புதான். ஆனாலும் கதவு திறந்தது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கண்டு படிக்க வந்தவர். 1878இல் முடித்து, லண்டனில் பட்டமும் பெற்றுத் திரும்பினார். 1885இல் அவர் முயற்சியால் உருவானதுதான் கோஷா ஆஸ்பத்திரி. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இருக்கிறது. அதே மெட்ராஸ் கல்லூரியில் 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி.

எடின்பரோ எழுவருக்கு என்ன ஆனது? 2019 ஜூலையில் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டம் கொடுத்தது. சேர்ந்து 150 வருடம் கழித்து! எழுவரில் ஒருவரும் உயிரோடு இல்லை. அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவிகள்தான் அவர்கள் சார்பில் மேடையேறி வாங்கினார்கள்.

அடுத்த முறை அனாட்டமி புத்தகத்தைப் பார்த்துக் கொட்டாவி வந்தால், அந்த ஆட்டை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.