பெயரும் வாக்கும்: 1964 அருப்புக்கோட்டை இடைத்தேர்தல்

அருப்புக்கோட்டையின் தறிச்சத்தத்தைக் கடந்து திருச்சுழி நோக்கிச் செல்வோர், மணலோடிக் கிடக்கும் குண்டாற்றையும் பருத்தியும் மிளகாயும் விளையும் கரிசலையும் காண்பர். மழை பொய்த்தால் கண்மாய் வறளும் இந்த வானம்பார்த்த பூமியில், 1964இல் நடைபெற்ற மக்களவை இடைத்தேர்தல் ஒன்றை நாம் ஈண்டு எண்ணிப் பார்க்கிறோம்.

1962இல் இத்தொகுதியில் வென்றவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். 1937இல் காங்கிரஸ் வேட்பாளராக நின்று இராமநாதபுரம் அரசரையே தோற்கடித்தவர். பின்னர் நேதாஜியைப் பின்பற்றி பார்வர்டு பிளாக்கில் சேர்ந்தவர். இடதுசாரிக் கட்சி என்று அறியப்பட்ட அவ்வியக்கம், 1962இல் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியுடன் கைகோத்தது. கூட்டுறவுப் பண்ணையையும் அரசுக் கட்டுப்பாட்டையும் எதிர்த்த வலதுசாரிக் கட்சி அது! எதிரே நின்ற காங்கிரசோ ஆவடியில் சமதர்மம் பேசியது. ஆயினும் ஊர்களில் வசதி படைத்தோரையே பெரிதும் நம்பியிருந்தது. கொடிகள் வேறு, கொள்கையளவில் இரு அணிகளுக்குமிடையே இருந்த தொலைவு, மேடைகளில் முழங்கியவாறு அவ்வளவு பெரிதன்று என்பதே நம் கருத்து.

1963 அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் முதலமைச்சர் பதவியைத் துறந்தார். அதே மாதம் 30ஆம் நாள் தேவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இடத்திற்கு வந்ததே இந்த இடைத்தேர்தல்.

இந்நாட்டில் இடைத்தேர்தல் என்பது வெறும் எண்ணிக்கைச் செய்தியன்று. 1957இல் முதுகுளத்தூர்ச் சட்டமன்ற இடைத்தேர்தலைத் தொடர்ந்து மூண்ட பகையையும், செப்டம்பர் 11இல் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டதையும், எரிந்த குடிசைகளையும், துப்பாக்கிச் சூட்டில் மாண்டோரையும் மக்கள் மறந்திருக்கவில்லை. ஏழே ஆண்டுகள்தாம் கடந்திருந்தன. வாக்குச்சாவடிக்கு நடந்த கால்கள் அந்நினைவையும் சுமந்தே நடந்திருக்கும்.

தலைவரின் பெயர் போதும், வாக்கு தானே வரும் என்று எண்ணியோர் இருந்தனர். ஆனால் கட்சிக்குள்ளேயே சசிவர்ணத் தேவருக்கும் மூக்கையாத் தேவருக்கும் இடையே தலைமைப் போட்டி எழுந்தது. சாலமோனுக்குப்பின் அரசு இரண்டாகப் பிளந்த கதை விவிலியம் கற்றோர்க்குப் புதிதன்று. காங்கிரஸ் வென்றது. பார்வர்டு பிளாக் அத்தொகுதியை இழந்தது.

தேவரைப் போற்றியோர் அனைவரும் ஓராண்டுக்குள் அவரை மறந்துவிட்டனர் என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. பசும்பொன்னில் இன்றும் ஆண்டுதோறும் திரளும் கூட்டமே அதற்குச் சான்று. மக்கள் அன்பை ஒருவருக்கும் வாக்கை மற்றொருவருக்கும் அளிக்க வல்லவர்கள். வாக்கைக் குடும்பச் சொத்தாகவோ சாதிச் சொத்தாகவோ கணக்கிட்டவர்களுக்கு இது விளங்கவில்லை.

காங்கிரசின் வெற்றியும் நிலைக்கவில்லை. 1967இல் அருப்புக்கோட்டை என்னும் மக்களவைத் தொகுதியே பட்டியலில் இல்லை. புதிதாய் அமைந்த சிவகாசித் தொகுதியில் சுதந்திராக் கட்சியின் பி. இராமமூர்த்தி வென்றார். 2009 முதல் அருப்புக்கோட்டை விருதுநகர் மக்களவைத் தொகுதியிலும், திருச்சுழி இராமநாதபுரம் தொகுதியிலும் அடங்கியுள்ளன. ஒரே சந்தைக்கு மிளகாய் மூட்டையுடன் வரும் இருவர், இன்று வெவ்வேறு உறுப்பினரைத் தில்லிக்கு அனுப்புகின்றனர்.